கட்டளைகள் மட்டும் நன்றாக வரும்

1

இந்த மாதத்தோடு நாங்கள் ஸ்பெயினுக்கு வந்து பத்து வருடமாகிறது. புத்தளத்து எத்தாளையிலிருந்து என் கூடப்பிறந்த ராத்தா வட்ஸ்அப்பில் பூங்கொத்துப் படம் அனுப்பியிருக்கிறாள். கூடவே ஒரு குரல் பதிவு: "அல்ஹம்துலில்லாஹ், உனக்கு நல்ல வாழ்வு கெடச்சிட்டுது, புள்ளக்கும் ஓசியில படிப்பு." அதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பதில் சொன்னால் சண்டையாகும். அதனால் ஊரில் இருக்கும் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். வாசித்துவிட்டு யாரும் பூங்கொத்து அனுப்ப வேண்டாம்.

பத்து வருடமானால் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால் மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலை முடிந்ததும், வாரத்தில் இரண்டு பின்னேரம், நூலகத்தின் மேல்மாடியில் நடக்கும் வகுப்புக்குப் போய்வருகிறேன். ஆசிரியையின் பெயர் பிலார். பெயர் சொல்லியே கூப்பிடு என்கிறாள். எனக்கு அது தொண்டையை விட்டு வருவதில்லை. டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஒரு நாள் கட்டளைப் பாடம். பக்கத்தில் இருப்பவருக்கு ஆளுக்கொரு கட்டளை கொடுக்க வேண்டும். பாகிஸ்தான்காரர் யோசித்து யோசித்து "கதவைத் திற" என்றார். மொரோக்கோப் பெண் "தண்ணீர் கொடு" என்றாள். என் முறை வந்தது. லிம்பியா, துடை. சூபே, மேலே போ. கோர்ரே, ஓடு. தீரா, எறி. நோ தோகேஸ், தொடாதே. கய்யா, வாயை மூடு. நிறுத்தாமல் கொட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் கை தட்டி, வகுப்பிலேயே உன் கட்டளைதான் மிகவும் நன்று என்றாள்.

நன்றாகத்தானே இருக்கும்! பத்து வருடமாக ஹோட்டல் மேற்பார்வைக்காரி என்னோடு பேசிய ஸ்பானியம் அது மட்டும்தான். நேற்று நீ எங்கே போனாய், நாளை என்ன செய்வாய் என்று இந்த நாட்டில் யார் என்னிடம் கேட்டார்கள்? கேட்டிருந்தால் இறந்தகாலமும் எதிர்காலமும் எனக்கும் வந்திருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தக் கைதட்டலை நினைத்து நினைத்துக் கொதித்தேன்.

2

வகுப்பின் முதல் நாள் இப்படி இருக்கவில்லை. டீச்சர் ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பெயர் சொன்னாள். மேசை, மேசா. பாண், பான். சப்பாத்து, சப்பாத்தோ. துவாய், தோஆய்யா. அலுமாரி, அர்மாரியோ. உட்காரும் கதிரைக்கு மட்டும் வேறு சொல் என்றாள். ஆனால் இந்தக் கரையில் ஸ்பானியத்தோடு சேர்த்துப் பேசும் மற்ற மொழியில் அதுவும் கதீராதானாம். எனக்கு ஒரே பெருமை. போர்த்துக்கீசர் எங்கள் கரையில் இறங்கியபோது வாயில் வைத்துவிட்டுப் போன சொற்களை வைத்தே இந்த நாட்டை வென்றுவிடலாம் என்று நினைத்தேன்.

வினைச்சொல் தொடங்கியதும் தெரிந்தது வண்டவாளம். கதிரையையும் அலுமாரியையும் விட்டுப்போனவர்கள் ஒரு வினைச்சொல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. பேசு என்பதற்கு ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா என்று ஆளுக்கொரு வால். காலம் மாறினால் வாலும் மாறும். இறந்தகாலத்திலேயே இரண்டு. நடந்து முடிந்ததற்கு ஒன்று, நடந்துகொண்டே இருந்ததற்கு ஒன்று. மரியாதையாகச் சொல்லும் கட்டளைக்கு வேறு வால். இந்த மரியாதைக் கட்டளை என் காதில் விழுந்ததே இல்லை.

அதனால் மாடி மாடியாகப் பிரித்துக்கொண்டேன். முதலாம் மாடி அறைகளைத் துடைக்கும்போது நிகழ்காலம். இரண்டாம் மாடியில் இறந்தகாலம். மூன்றாம் மாடியில் எதிர்காலம். குளியலறைகளில் மரியாதைக் கட்டளை, அங்கே சத்தம் வெளியே கேட்காது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, வாருங்கள், உட்காருங்கள், சொல்லுங்கள் என்பேன். ஒரு நாள் வெள்ளைக்காரர் ஒருவர் அறைக்குள் இருந்திருக்கிறார். நான் அவரைத்தான் உட்காரச் சொல்கிறேன் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார்.

என்னைக் கட்டிய மாப்பிள்ளை ரிஸ்வானுக்கு இந்தக் கரைச்சல் எதுவும் இல்லை. கற்பிட்டியில் கடலுக்குப் போனவர், இங்கேயும் படகில்தான் வேலை. இழு, விடு, பிடி என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து வருடத்தை ஓட்டிவிட்டார். மிச்சம் எல்லாவற்றுக்கும் எங்கள் மகள் ஹஸ்னா இருந்தாள். அவளுக்கு இப்போது பதினான்கு வயது. ஆஸ்பத்திரிக்கு அவள். பொலிஸ் அலுவலகத்தில் விசா அட்டை புதுப்பிக்க அவள். வங்கிக்கு அவள். கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்களும் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அவளைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

அவளுடைய தமிழ் தேய்ந்துகொண்டு போகிறது. நான் எதையாவது கேட்டால் "எஸ்பெரா" என்பாள். நில்லு என்று அர்த்தம். பெற்ற உம்மாவைப் பார்த்து நில்லு என்று எந்த ஊர்ப் பிள்ளை சொல்லும்? கோபித்தால், ஸ்பானியத்தில் உம்மாவுக்கும் அப்படித்தான் சொல்வது, எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்கிறாள். உண்மைதான், பிலார் டீச்சரிடமும் கேட்டுவிட்டேன். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

3

இனி நான் சொல்லப்போவது எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்று. அது இந்தக் குடும்பத்தை இரண்டு தலைமுறையாகக் குடித்திருக்கிறது.

பெரியவர் ஒருவர், அல்லது அலுவலகத்து ஆள் ஒருவர் கதைத்தால் நாங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம். ஓம்... ஓம்..., ஆமாம் ஆமாம் என்று கூடவே சொல்லிக்கொண்டிருப்போம், தலையும் ஆடும். நான் உங்கள் கதையில் காது வைத்திருக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்பதுதான் அதற்குப் பொருள். சம்மதம் என்ற பேச்சே அதில் இல்லை. ஓம் சொல்லாமல் மரம் மாதிரி நின்றால்தான் மரியாதை கெட்டவன். சம்மதமா இல்லையா என்பது எல்லாம் கேட்டு முடிந்து, வீட்டுக்குப் போய்க் கதைத்து, மறுநாள் சொல்கிற விஷயம்.

தொண்ணூறில் இயக்கத்துக்காரர்கள் மன்னாரிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது நான் கைக்குழந்தை. புத்தளத்துக் கரையில் ஓலைக் கொட்டிலில்தான் வளர்ந்தேன். அகதி, வரிசையில் நில், பெயர் சொல், அங்கே போய் நில். கட்டளையைக் கேட்டு வளர்வது எனக்குப் புதிதல்ல. அப்போது தமிழிலும் சிங்களத்திலும் கேட்டேன், இப்போது ஸ்பானியத்தில் கேட்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பல வருடம் கழித்து, யார் மன்னாருக்குத் திரும்பிப் போவது, யார் புத்தளத்திலேயே இருப்பது என்று பதிய ஒரு அதிகாரி வந்தார். வாப்பாவை முன்னால் உட்கார வைத்துச் சிங்களத்தில் நீளமாகக் கதைத்தார். வாப்பா வழக்கம்போல "ஹரி மாத்தயா, ஹரி மாத்தயா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். சரி ஐயா, சரி ஐயா. கடைசியில் பார்த்தால், நாங்கள் அங்கேயே இருக்கச் சம்மதித்த குடும்பம் என்று பதிந்துவிட்டார்கள். மன்னாரில் எங்கள் வீட்டு வளவைக் கேட்டுப் போனபோது, நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்றார்கள். வாப்பா அந்த வெயிலில் நின்றுகொண்டு அழுதார். உம்மா ஏசினால் மட்டும் வாப்பாவுக்கு ரோஷம் வரும். "பெரிய மனுசன் கதைக்கக்குள்ள ஊமையன் மாதிரி இரிக்கிறதா மரியாத?" என்பார். மவுத்தாகிக் கண்மூடும்வரை அதையேதான் சொன்னார்.

வாப்பாவை நினைத்து எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். அதே கழுத்தை எனக்கும் தந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்கு ஜூன் மாதம் வரை தெரியாது.

4

ஜூனில் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பிள்ளைகளை எந்தப் பிரிவில் போடுவது என்று ஆலோசனை சொல்லும் ஒரு பெண். நல்ல சிரிப்பு, நல்ல வாசம். ஹஸ்னாவின் புள்ளிகள் குறைந்திருக்கின்றன என்று தொடங்கினாள். பிறகு வேகமாகக் கதைத்தாள். ஹஸ்னா இடையிடையே எனக்குச் சிறு துண்டுகளாகச் சொன்னாள். கணக்கு குறைவாம். நிறைய நாள் வரவில்லையாம். வேறு வகுப்பு ஒன்று இருக்காம், லேசாம். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, சி, சி, சி என்று தலையாட்டினேன். ஸ்பானியத்தில் ஓம் என்பதற்கு சி. எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் அருவருப்பு என்று அர்த்தம். அன்றைக்கு அந்த அர்த்தத்திலாவது சொல்லியிருக்கலாம்.

பிள்ளையைப் பற்றி ஒரு படித்த மனுஷி இவ்வளவு நேரம் ஒதுக்கிக் கதைக்கிறாளே என்று நன்றியோடு எழுந்து வந்தேன். இதைப் பற்றி மறுபடி கேட்பார்கள், அப்போது யோசித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை. நான் சொல்லி முடித்துவிட்டேனாம்.

செப்டெம்பரில் பள்ளி திறந்தது. ஹஸ்னா கொண்டுவந்த புத்தகங்களுக்கு உறை போட எடுத்தேன். எல்லாம் மெல்லிசாக இருந்தன. விஞ்ஞானமும் கணக்கும் ஒரே புத்தகத்துக்குள். பெரிய எழுத்து, நிறையப் படம். இது என்ன, சின்னப் பிள்ளைகளின் புத்தகமா என்று கேட்டேன். அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், இது மற்ற வகுப்பு. கஷ்டப்படும் பிள்ளைகளை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் வகுப்பு. இங்கிருந்து மேல்படிப்புக்குப் போவது குறைவு, சீக்கிரம் ஏதாவது தொழில் பழகப் போவார்கள். அந்த வகுப்பில் முக்கால்வாசி எங்களைப் போல வந்தவர்களின் பிள்ளைகள்.

"யார் ஒன்ன அங்க போட்டது?"

"நீங்கதான் ஓம் எண்டீங்க."

"நான் எங்க புள்ள சம்மதம் எண்டு சொன்னன்? கேட்டுக்கிட்டு இரிக்கன் எண்டுதான் சொன்னன்."

"தெரியும்," என்றாள்.

தெரியும் என்று சொன்ன அந்தக் குரல் என்னை உலுக்கிப்போட்டது. தெரிந்துகொண்டு ஏன் அந்த இடத்தில் சொல்லவில்லை என்று கத்தினேன். கைபேசியைக் கட்டிலில் போட்டாள். முகம் சிவந்துவிட்டது.

"எத்தின நாளைக்கு உம்மா நான் உங்கட வாயா இரிக்கிறது? எனக்குக் களச்சிட்டு. அவ சீக்கிரம் முடிச்சா போதும் எண்டு இரிந்திச்சி."

நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. உறை போடாத புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரிஸ்வான் படகிலிருந்து வந்ததும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, அவர்கள் படித்தவர்கள், பிள்ளைக்கு எது நல்லதென்று அவர்களுக்குத் தெரியும், நீ குழப்பாதே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுக் கோப்பையைப் பறிக்காததுதான் குறை. படித்தவர்கள் எங்களுக்கு எது நல்லதென்று முடிவெடுத்த கதையெல்லாம் போதாதா? நான் படுக்கை விரிப்பு மாற்றுவது என் மகள் வந்து மற்றப் பக்கத்தைப் பிடிப்பதற்கா? அவர் மறுபடி சோற்றைப் பிசைந்தார். ராத்தாவிடம் தொலைபேசியில் சொல்லி அழுதேன். எந்த வகுப்பு என்றால் என்ன, வெளிநாட்டுப் படிப்புதானே என்றாள். ஓசியில் என்று அவளுக்கு ஒரு சொல். எங்களுக்கு இங்கே எது ஓசியில் கிடைத்தது?

5

அடுத்த வகுப்பில் பிலார் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். பாதி ஸ்பானியம், பாதி கை. அவள் முதலில் சொன்னது எனக்கு இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. ஸ்பெயினில் சி என்றால் சிதான், நீ இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். கோபம் வந்தது. கேட்டேன்: ஒரு உம்மாவின் முன்னால் வைத்துப் பிள்ளையின் வாழ்க்கையைப் பிரட்டும்போது, உங்களுக்குப் புரிந்ததா என்று ஒரு தரம் கேட்க உங்கள் மொழியில் வினைச்சொல் இல்லையா? நான் கேட்டது பிழையான வாலோடுதான் வந்திருக்கும். ஆனால் அவளுக்கு விளங்கியது. பாடப் புத்தகத்தை மூடினாள். பிறகு, நானும் உன்னோடு பள்ளிக்கு வரட்டுமா என்றாள்.

வேண்டாம் என்றேன். இன்னொரு வாய் எனக்கு வேண்டாம். என்ன சொல்ல வேண்டுமோ அதைப் பழக்கித் தாருங்கள், போதும். அன்றையிலிருந்து மற்றவர்கள் போன பிறகு என்னை இருத்திவைத்துப் பழக்கினாள். நான் சம்மதிக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. இந்த மூன்றையும் நான் இரண்டாம் மாடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சொன்னேன். நான் கேட்கவில்லை, நீ கேட்கவில்லை, அவள் கேட்கவில்லை, நாங்கள் கேட்கவில்லை. தூசி உறிஞ்சியின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திச் சொன்னேன். மேற்பார்வைக்காரி எட்டிப் பார்த்து, கோர்ரே என்றாள். நான் அவளையும் வைத்து ஒரு தரம் வாலை மாற்றினேன்: நீங்கள் ஓடுங்கள். மரியாதையாகத்தான் சொன்னேன். அந்த மாதம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைக்கவில்லை.

வாயை விடக் கழுத்தைப் பழக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. டீச்சர் பள்ளிக்காரப் பெண் மாதிரி உட்கார்ந்து கதைப்பாள், நான் ஆடாமல் கேட்க வேண்டும். இரண்டு வசனம் போவதற்குள் தலை தானாக ஆடும். டீச்சர் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வாப்பா வெயிலில் நின்றதுதான் கண்ணில் வந்தது.

ஹஸ்னாவோடு அந்த நாட்களில் கதை குறைவு. ஒரு நாள் குசினி வாசலில் வந்து நின்றாள். நான் கோழி கழுவிக்கொண்டே வாலாட்டிப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் பிழை விட்டேன். அவள் திருத்தினாள். நான் திருப்பிச் சொன்னேன். அவள் தன் அறைக்குப் போனாள்.

6

பள்ளிக்கூடத்துக்கு நானும் அவளும் மட்டும் போனோம். அதே பெண், அதே சிரிப்பு. உட்கார்ந்த உடனே ஹஸ்னாவின் பக்கம் திரும்பி, உன் அம்மாவுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டாள். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறேன். முழங்கை முட்டுகிற தூரம்.

ஹஸ்னா கொஞ்சம் யோசித்தாள். பிறகு மரியாதைக் கட்டளையில், தெளிவாகச் சொன்னாள்: "ப்ரெகுந்தெலே ஆ மி மாத்ரே." என் உம்மாவிடம் கேளுங்கள்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். என் நெஞ்சு அடித்த அடியில் மூன்று மாடியும் கலங்கிவிட்டன. ஆனாலும் சொன்னேன். ஜூனில் நான் சம்மதிக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. என் மகள் பழைய வகுப்பில் படிக்க வேண்டும். சில வால்கள் பிழைத்தன, தெரியும். ஹஸ்னா திருத்தவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் விளக்கத் தொடங்கினாள். புள்ளிகள், கொள்கை, பிள்ளையின் நன்மை. என் கழுத்து ஆடப் பார்த்தது. பிடரியில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். விளங்காத இடத்தில் நிறுத்தி, திரும்பச் சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். திரும்பச் சொன்னாள். இன்னொரு இடத்தில் நிறுத்தினேன். அதையும் திரும்பச் சொன்னாள், சிரிப்பு இல்லாமல். கடைசியில், இந்த மாதம் முடிவதற்குள் ஒரு பரீட்சை வைக்கலாம், பாஸ் பண்ணினால் மாற்றலாம் என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை. போன வருடம் இந்தப் பிள்ளை ஏன் இத்தனை நாள் வரவில்லை? படிப்பில் அக்கறை இல்லாத பிள்ளையைப் பழைய வகுப்பில் போட்டு என்ன பயன்?

அதைக் கேட்டதும் நான் ஹஸ்னாவைப் பார்த்தேன். பதில் என் வாயில்தான் இருந்தது. ஆனால் அது அவள் சொல்ல வேண்டிய பதில். "நீ சொல்லு மகள்," என்றேன்.

ஹஸ்னா சொன்னாள். எனக்காக நிறுத்தவில்லை, துண்டு துண்டாகவும் சொல்லவில்லை. வாப்பாவின் கையில் தூண்டில் ஏறியபோது ஆஸ்பத்திரிக்குப் போனேன். காத்திருந்தேன். டொக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். உம்மாவின் விசா அட்டைக்குப் போனேன். ஆள் இல்லை, திரும்பி வந்தேன். மறுபடி போனேன். வங்கிக்குப் போனேன். வாடகை வீட்டுக்காரனிடம் போனேன், அவன் என்னைப் பார்த்துக் கத்தினான், அவன் கத்தியதையும் உம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அன்றைக்குக் கணக்குப் பரீட்சை இருந்தது.

அத்தனையும் இறந்தகாலம். நான் துடைத்துத் துடைத்துப் பழகியது. ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. வீட்டுக்காரன் கத்தியது எனக்குத் தெரியும். அன்றைக்குப் பரீட்சை என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் மேல் இருந்த கோபம், பள்ளியின் மேல், இந்த நாட்டின் மேல் இருந்த கோபம் எல்லாம் என் பக்கமே திரும்பிக்கொண்டது. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தாள். இனியும் இப்படிப் போவாயா என்று கேட்டாள்.

ஹஸ்னா என்னைப் பார்க்கவில்லை. "நோ இரே," என்றாள். போகமாட்டேன்.

இப்போது அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அடுத்த கிழமை ரிஸ்வானின் கைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்கடுத்து விசா அலுவலகம்.

"நோ இரா," என்றேன். போகமாட்டாள்.